பாராசூட் விரிந்த பிறகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் மாமா வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். தமிழில் டப்பிங் செய்த ஏதோ ஒரு சாகச நிகழ்ச்சி. ஒரு வெள்ளைக்காரர் விமானத்தின் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். பின்னணியில் நெஞ்சு அடித்துக்கொள்வது மாதிரி ட்ரம் சத்தம். சின்னத் தப்பு நடந்தாலும் மரணம்தான் என்று குரல் கொடுப்பவர் மிரட்டுகிறார். உடனே விளம்பரம். திரும்பி வந்தால் மறுபடி அதே கதவு, அதே முகம். ஒருவழியாகக் குதிக்கிறார், கத்துகிறார், பாராசூட் விரிகிறது. அடுத்த ஷாட்டில் புல்வெளியில் யாரையோ கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மாமா ஹார்பரில் கலாசியாக இருந்தவர். கப்பலிலும் கிரேனிலும் ஏறி இறங்கியே முப்பது வருஷத்தைக் கழித்தவர். பல் குத்திக்கொண்டே, "இன்னாடா இது, எறங்கறத காட்டவே இல்லியே?" என்றார்.

"அதான் எறங்கிட்டாரே மாமா."

"எறங்கிட்டாரு, சரி. எப்டி எறங்குனாரு? அதுலதானடா மேட்டரே கீது."

நான் சிரித்துவிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு சில வாரங்கள் ஸ்கைடைவிங் பற்றித் தேடித்தேடிப் படித்தேன், கையில் கிடைத்த டிவி நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குதித்ததில்லை. மொட்டைமாடிச் சுவர் ஓரம் போனாலே எனக்குக் கால் கூசும். நம்ம பக்கத்தில் குதித்தவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். ஹரியானாவின் நார்னோல் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இந்தியாவில் இது நடக்கிறது. தமிழ்நாட்டில் 2013-இல் சேலம் விமான நிலையத்தில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. அதில் குதித்த ஓர் இளம்பெண் இறந்துபோனார். பாராசூட் விரியவில்லை என்று செய்தி வந்தது. நம்மில் பலருக்கு ஸ்கைடைவிங் பற்றித் தெரிந்தது அந்த ஒரு செய்தியும் டிவி சாகசங்களும்தான். அதாவது, இதன் ஆபத்து பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாமே திரை கற்றுக்கொடுத்ததுதான். அதனால் திரை என்ன கற்றுக்கொடுக்கிறது என்று பார்ப்பது வீண்வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. 13,000 அடியில் இருந்து குதிக்கிற ஒருவர் பாராசூட் விரியும்வரை கிட்டத்தட்ட ஒரு நிமிடம்தான் விழுகிறார். வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல். காதில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் விழாது. ஆனால் 1991-இல் வந்த 'பாயிண்ட் பிரேக்' படத்தில் கீயானு ரீவ்ஸ் பாராசூட் இல்லாமலே குதித்து, முன்னால் போனவரை நடுவானில் பிடித்து, துப்பாக்கியை நீட்டி, உட்கார்ந்து பேசுவது மாதிரி வசனம் பேசுவார். 'மித்பஸ்டர்ஸ்' குழு பிற்பாடு இதைச் சோதித்துப் பார்த்து, இப்படிப் பேசிக்கொள்ள முடியாது என்று காட்டியது. இன்னொன்றும் உண்டு. பாராசூட் விரிந்ததும் ஆள் சர்ரென்று மேலே இழுக்கப்படுவது போல எல்லா நிகழ்ச்சியிலும் ஒரு காட்சி வரும். யாரும் மேலே போவதில்லை. படம் எடுப்பவர் இன்னும் பாராசூட்டை விரிக்காமல் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதெல்லாம் சின்னப் பொய்கள். சினிமாவுக்கு இவ்வளவு சலுகைகூடக் கொடுக்காவிட்டால் எப்படி? எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த ஒரு நிமிடத்தை டிவி அரை மணி நேரமாக இழுக்கிறது. அதற்குப் பிறகு, விரிந்த பாராசூட்டில் ஐந்தாறு நிமிடம் மிதந்து, திரும்பி, காற்றைக் கணித்துத் தரைக்கு வருகிற பகுதி இருக்கிறதே, அதை வெட்டித் தூக்கி எறிந்துவிடுகிறது. பாராசூட் விரிந்தால் கதை முடிந்தது. அந்தச் சாவு முகத்துக்கு அப்புறம் சுபம்.

அமெரிக்க பாராசூட் சங்கம் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுகிறது. 2023-இல் அங்கே சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன, 10 பேர் இறந்தார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளுக்கு ஒரு சாவு. (இதை வைத்து "ஆபத்தே இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். இதே வேலையாக இருப்பவர்கள் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் குதிக்கிறார்கள், அவர்களுக்கு இந்த எண் கூடிக்கொண்டே போகும்.) 1970-களில் வருஷத்துக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து பத்துக்கு வந்திருக்கிறது.

அந்தச் சாவுகளில் கணிசமானவை நன்றாக விரிந்து, ஒரு கோளாறும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த பாராசூட்டுக்குக் கீழே நடந்தவை. காரணம் இதுதான். அனுபவம் ஏற ஏறச் சின்ன, வேகமான பாராசூட்டுக்கு மாறுகிறார்கள். அதை ஒரு பக்கமாகத் திருப்பினால் அது சரிந்து வேகம் பிடிக்கும். உயரத்தில் திருப்பினால் பிரச்சினை இல்லை, நிமிர நேரம் இருக்கும். தரைக்குப் பக்கத்தில் வந்து திருப்பினால், நிமிர்வதற்குள் தரை வந்துவிடும். சிலர் அந்த வேகத்துக்காகவே வேண்டுமென்று திருப்புகிறார்கள். சிலர் எதிரே வந்த இன்னொருவரைத் தவிர்க்கப் பதறித் திருப்புகிறார்கள். முதல்முறை குதிக்கிற பயந்தாங்கொள்ளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார், அவர் முதுகில் ஒரு பயிற்சியாளரே கட்டப்பட்டிருப்பார். கெட்டிக்காரர் ஒருவர் இருபது முப்பது அடியில் அடிபட்டுச் சாகிறார். டிவி நமக்கு முதலாமவர் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

மாமா சொன்ன "எப்டி எறங்குனாரு" என்பது இதுதான்.

பாராசூட் விரியாமல் போனால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டாவதாக ஒரு ரிசர்வ் பாராசூட். குதித்தவர் மயங்கிப்போனாலும் அதைத் திறந்துவிட ஒரு சின்னக் கருவி. 1991-இல் ஜெர்மனியில் இருந்து வந்த 'சைப்ரஸ்' அதில் பேர்போனது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணித்துக்கொண்டே இருக்கும். சுமார் 750 அடிக்கு வந்தும் ஆள் இன்னும் விழுகிற வேகத்திலேயே இருந்தால், ரிசர்வ் பாராசூட்டைப் பூட்டி வைத்திருக்கும் கயிற்றை ஒரு குட்டிக் கத்தி அறுத்துவிடும். இதை டிவியில் நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லிவிட்டால் அந்த ட்ரம் சத்தத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னரை நினைவிருக்கும். 2012 அக்டோபர் 14 அன்று சுமார் 39 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து குதித்தார். உலகமே நேரலையில் வாய் பிளந்து பார்த்தது. நடுவில் சுழல ஆரம்பித்தார், பிறகு சமாளித்து, நின்ற காலில் தரையிறங்கினார். அவ்வளவு கேமராக்களுக்கு முன்னால் பிழைத்த அதே மனிதர், 2025 ஜூலை 17 அன்று இத்தாலியில் ஒரு கடற்கரை ஊரில் மோட்டார் பாராகிளைடரில் பறந்தபோது விழுந்து இறந்தார். விடுமுறைக்குப் போனவர்கள் நீந்திக்கொண்டிருக்கிற இடம், சாதாரண உயரம்.

பேர் கிரில்ஸ் கதையும் அப்படித்தான். ராணுவத்தில் இருந்தபோது 1996-இல் ஆப்பிரிக்காவில் பாராசூட் விபத்தில் அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் படுத்து, பழகி, எழுந்து நடந்தார். அவரைப் பற்றிய எல்லா அறிமுகத்திலும் இது ஒரு வரியாக, ஒரு பதக்கம் மாதிரி வந்துபோகும். அந்த மாதங்கள் வராது. நம்ம ஊர் உதாரணமும் ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் ரஜினி அவரோடு பந்திப்பூர் காட்டில் படப்பிடிப்புக்குப் போனபோது "ரஜினிக்குக் காயம்" என்று சேனல்கள் சிவப்பெழுத்தில் அலறின. சென்னை வந்திறங்கிய ரஜினி, முள் கீறியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மாமா கதை. முப்பது வருஷம் கப்பலின் டெரிக்கிலும் கிரேன் கைகளிலும் அறுபது, எழுபது அடி உயரத்தில் வேலை. அங்கே ஒரு கீறல் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு ஒரு காண்ட்ராக்டரிடம் கொஞ்ச நாள் போனார். பெயர் வேண்டாம். ஒரு சாயங்காலம் ஏணியில் இறங்கி வரும்போது, கடைசியில் நாலு படி இருக்கிற இடத்தில் கால் வழுக்கியது. படியில் கிரீஸ். நாலடி உயரம்தான். குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. "மேல இருக்கச்சொல்லோ பயம் இருக்கும்டா, கை தானா புடிச்சிக்கும். கீழ வந்துட்டா மனசு வூட்டுக்குப் போயிடும்" என்பார். அந்த விபத்தைப் பற்றி எங்காவது எழுதி வைத்தார்களா என்று கேட்டேன். "கவனக்குறைவுன்னு எழுதிக்கினாங்க" என்றார். படியில் ஏன் கிரீஸ் இருந்தது என்று யாரும் எழுதவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்கைடைவிங்கில் நான் எதிர்பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்தச் சங்கம் ஒவ்வொரு சாவைப் பற்றியும் ஓர் அறிக்கை எழுதித் தன் பத்திரிகையில் போடுகிறது. இறந்தவருக்கு எத்தனை வயது, இதுவரை எத்தனை முறை குதித்தவர், எந்த அளவு பாராசூட், காற்று எப்படி, எந்த உயரத்தில் என்ன செய்தார், என்ன செய்திருக்கலாம். படிக்க வறட்சியாக இருக்கும், ஒரு உணர்ச்சியும் கிடையாது. குதிப்பவர்கள் அதை உட்கார்ந்து படிக்கிறார்கள். நாற்பதில் இருந்து பத்துக்கு வந்ததற்குக் கருவிகள் ஒரு காரணம் என்றால், இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிவி காட்டுகிற துணிச்சலுக்கு இதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? காரணம், இதே கேமரா எங்கள் பக்கமும் வந்திருக்கிறது.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் இருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுனாமி வந்த அதே தேதி வேறு. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். காலையில் டிவியைப் போட்டேன். செல்போனில் எடுத்த இருட்டு வீடியோ, அதன்மேல் சிவப்பு வட்டம், அம்புக்குறி, கீழே "விஷவாயு" என்று ஓடும் எழுத்து, பின்னணியில் அதே ட்ரம். அந்த விமானக் கதவு மாதிரியே அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

ஓடியது உண்மை, பயமும் உண்மை, அதைக் காட்டியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றைய ஆபத்து எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வேறு சில விஷயங்கள் வேண்டும். அம்மோனியாவை மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்வித்துத்தான் திரவமாகக் கொண்டுவருகிறார்கள். இறக்குவதற்கு முன்னால் குழாயையும் குளிர்விக்க வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் கசிந்தது. அம்மோனியா காற்றைவிட லேசானது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அப்படிக் குளிர்ந்து வெளியேறும்போது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பனிமூட்டம் மாதிரி தரையோடு தவழும். எந்தப் பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்பது காற்றின் திசையைப் பொறுத்தது. காற்று போகிற வழியிலேயே ஓடினால் மேகமும் கூடவே வரும், குறுக்கே ஓட வேண்டும். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது உதவும். ஒரு நாள் முழுக்கப் பார்த்த விவாதங்களில் எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எண்களை வெளியிட்டது. தொழிற்சாலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா, இருக்கலாம் என்பது 400. குழாய்ப் பக்கக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், இருக்கலாம் என்பது 5. இந்த எண்களை ஒருவர் விளக்கியிருந்தால், காற்றில் இருந்தது கலைந்த பிறகும் கடலில் என்ன ஆகும் என்ற கேள்வி தானாக வந்திருக்கும். கடல்தான் அங்கே சோறு.

பெரியகுப்பத்து ஜனங்கள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. எந்தக் காற்று, எந்தக் குழாய், யார் பொறுப்பு என்ற பகுதி எல்லாம் அங்கேதான் நடந்தது. பாராசூட் விரிந்த பிறகான அந்த ஐந்து நிமிடம் மாதிரி, கேமரா அதற்குள் கிளம்பிவிட்டது.

அதே மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுத்தது. மணலி சி.பி.சி.எல். வளாகத்தில் இருந்து வெள்ளநீரில் கலந்து வந்தது என்று வாரியம் சொன்னது. இடுப்பு வரை கறுத்த மீனவர்கள் பிளாஸ்டிக் மக்கில் எண்ணெயை மொண்டு ட்ரம்மில் ஊற்றுகிற படம் எல்லா இடத்திலும் வந்தது. பார்த்ததும் எனக்கு 2017 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் எண்ணெய் கசியவில்லை என்றே சொன்னார்கள். பிறகு கரையெல்லாம் தார் மாதிரி ஒதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள். டிவி அவர்களை வீர இளைஞர்கள் என்று கொண்டாடியது.

எனக்கு ஆறாத இடம் இதுதான். 2017-இல் வாளி, 2023-இல் மக். நடுவில் ஆறு வருஷம். அந்த வாளிக்காரர்களின் துணிச்சலைக் கைதட்டிப் பாராட்டிய அன்றே, இவர்கள் கையில் ஏன் வாளி இருக்கிறது, கையுறை எங்கே, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் மிதவைகள் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். பாராட்டு வந்ததும் கேள்வி போய்விட்டது. ஸ்கைடைவிங் நிகழ்ச்சியிலும் இதேதான் நடக்கிறது. ஆளின் தைரியத்தைக் காட்டினால் அவர் முதுகில் இருப்பது என்ன என்று காட்டத் தேவையில்லை. அங்கேயாவது பரவாயில்லை. குதிப்பவர் பணம் கட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ரிசர்வ் பாராசூட்டோடு குதிக்கிறார். பெரியகுப்பத்தில் யாரும் எந்தப் படிவத்தையும் நீட்டவில்லை. இரண்டுக்கும் ஒரே ட்ரம் அடித்தால் அந்த வித்தியாசம் காதில் விழாது.

இதைச் சொன்னால், "சார், அதையெல்லாம் போட்டா யார் பாப்பாங்க?" என்று பத்திரிகை நண்பர் ஒருவர் சொன்னார். பார்க்க மாட்டார்களா? ஓர் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்குப் பந்து எங்கே குத்தியது, எவ்வளவு திரும்பியது, ஸ்டம்பில் படுமா என்று கோடு போட்டு நாலு கோணத்தில் காட்டுகிறார்கள், டீக்கடையே மூச்சு விடாமல் பார்க்கிறது. விமான விபத்துகளை ஆராயும் 'ஏர் க்ராஷ் இன்வெஸ்டிகேஷன்' தொடர் 2003-இல் இருந்து ஓடுகிறது. விமானம் விழுவது முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் ஒரு போல்ட்டை ஏன் தப்பாக மாட்டினார்கள் என்பதுதான். அதை நான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாமாவும்தான்.

செய்திச் சேனலுக்கு அந்த அளவு பணமும் நேரமும் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு இரவில் ஓடிப்போய்ப் படம் பிடித்த நிருபர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார். ஆனால் அவரைப் பத்தாவது நாள் அதே இடத்துக்குத் திருப்பி அனுப்புவதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டியதில்லை. திருவொற்றியூர் வரை வருகிற பஸ் எண்ணூருக்கும் போகிறது.

இதை ஒரு தொடர் வேலையாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். 2017, 2023 சம்பவங்கள் பற்றி உள்ளூர் கேபிளிலோ யூடியூபிலோ வந்த பதிவுகள் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் வீடியோக்கள் என்னிடமே ஏகப்பட்டது இருக்கிறது, அவை வேண்டாம். ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து எடுத்தது ஏதாவது, வலை காய்கிற படமாக இருந்தாலும் பரவாயில்லை. மாமாவிடமும் கேட்டேன், பழைய ஹார்பர் சிநேகிதர்கள் யாரிடமாவது இருக்குமா என்று. விசாரிக்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே என்னை வழியனுப்ப மாடிப்படி இறங்கினார். கடைசி நாலு படி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.